பாலைவன முகாம்: சம், கூரி, ஓசியான், கட்ச் – உங்கள் கூட்டத்துக்கு எது?

“பதினாறு பேர் கிளம்புகிறோம். பாட்டி வருகிறார், ஆறு வயதில் இரண்டு வாண்டுகள் இருக்கிறார்கள். ஒட்டகத்தில் ஏற வேண்டும், மணலில் ஓர் இரவாவது தங்க வேண்டும். எந்த முகாமில் போடலாம், சொல்லுங்கள்.” மழைக்காலம் முடிகிற நேரத்தில் இப்படி ஒரு அழைப்பாவது எனக்கு வந்துவிடும். சொந்தக்காரர்களோடு இரண்டு தடவை, அலுவலக நண்பர்களோடு ஒரு தடவை தார் பாலைவனத்துக்குக் கூட்டம் சேர்த்துப் போயிருக்கிறேன். குஜராத்தின் கட்ச் பகுதியில் வெள்ளை ரண் என்கிற உப்புவெளிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அறை, வண்டி, ஒட்டகம் எல்லாவற்றையும் பேசி முடித்தது நான்தான் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இது இல்லை. அதனால் எழுதியே வைக்கிறேன்.

படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். படத்தில் எல்லா முகாமும் ஒன்று போலத்தான் இருக்கும். வெள்ளைத் துணிக் கூடாரம், வாசலில் இரண்டு நாற்காலி, பின்னால் மணல்மேடு, அதன் மேல் வரிசையாக ஒட்டகங்கள். கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை, ஒட்டினாற்போல் கழிப்பறை. பகலிலும் பெரிய வேறுபாடு தெரியாது. சூரியன் மறைந்த பிறகுதான் ஒவ்வொரு இடமும் வேறு வேறு ஊராகிறது. ஒரு இடத்தில் இரவு பத்து மணி தாண்டியும் ஒலிபெருக்கி அலறும். இன்னொரு இடத்தில் எட்டு மணிக்கே, தூரத்தில் நாய் குரைப்பதைத் தவிர ஒன்றும் காதில் விழாது. உங்கள் கூட்டத்துக்கு எந்த இரவு வேண்டும்? அதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

முதலில் சம். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் சொச்சம். தார் என்றதும் மனதில் எழும் அலை அலையான மணல், தார் முழுக்கக் கிடையாது. பெரும்பகுதி கல்தரையும் முட்புதரும், நடுநடுவே வன்னி மரமுமாகத்தான் இருக்கும். வன்னிதான் ராஜஸ்தானின் மாநில மரம். அங்கே கேஜ்ரி என்பார்கள். செடிகொடி இல்லாத வெறும் மணற்குன்றுகள் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கின்றன. அவற்றில் தார்ச்சாலை காலடி வரைக்கும் போகிற பெரிய திட்டு சம். சாலை போவதால் பேருந்து போகிறது, பேருந்து போவதால் கூட்டம் போகிறது. சாலையின் இரண்டு பக்கமும் முகாம்கள் வரிசையாக நிற்கின்றன.

ஜனவரி மாலை ஐந்தரை மணிக்கு சம் மணல்மேட்டில் நின்று பார்த்தால் திருவிழா மாதிரிதான் இருக்கும். ஒட்டக வரிசைகள், மணலில் பாயும் ஜீப்புகள், நான்கு சக்கர பைக்குகள், டீ விற்கும் பையன்கள், படம் எடுக்க இடம் தேடும் ஜோடிகள். ராஜஸ்தான் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதாலும் கடிகாரம் நாடு முழுக்க ஒன்றே என்பதாலும், அந்த மாதத்தில்கூட அங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் மறையும். காலையில் உதிப்பதும் ஏழரையை ஒட்டித்தான். இந்த நேரக் கணக்கு பயணத் திட்டத்துக்கு முக்கியம். நான்கு மணிக்குள் முகாமுக்குள் நுழைந்தால்தான் டீ குடித்து, ஆளுக்கு ஒரு ஒட்டகம் பார்த்து ஏறி, நிதானமாகக் குன்றுக்குப் போக முடியும்.

சம்மைப் பற்றிக் குறையாகவே பேசுகிறவர்கள் நிறைய. நான் அப்படிப் பேச மாட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கும் இருபது நண்பர்கள் ஆட்டம் பாட்டத்தோடு ஓர் இரவைக் கழிக்க வேண்டும் என்றால் அதற்கு சம்தான் சரி. எல்லா முகாமிலும் நடுமுற்றத்தில் நெருப்பு மூட்டி, சுற்றிலும் திண்டு போட்டு, ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கிவிடுவார்கள். பாடுகிறவர்கள் பெரும்பாலும் மாங்கணியார் சமூகத்தவர். தலைமுறை தலைமுறையாகப் பாட்டே தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் அவை. இரண்டு விரல்களுக்கு நடுவே மரக்கட்டைகளை வைத்துக்கொண்டு கர்தால் தட்டும் கை எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கட்டையே கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். கல்பேலியா ஆட்டமும் இருக்கும். 2010-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த ஆட்டம் அது. ஆனால் பல முகாம்களில் இந்தக் கலைஞர்களுக்கு ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு சினிமாப் பாட்டும் அதிரும் ஒலிபெருக்கியும் வந்துவிடும். பக்கத்து முகாமின் பாட்டும் சேர்ந்து காதில் விழும். பாட்டியும் குழந்தையும் தூங்க முடியாமல் புரள்வார்கள்.

எங்கள் முதல் பயணம் சம்முக்குத்தான். அதில் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு ஒட்டகம் என்று முகாமில் பேசியிருந்தோம். மாலையில் வந்து நின்றவை ஆறு. “ஒன்றில் இரண்டு பேர் உட்காருவதுதான் இங்கே வழக்கம்” என்றார்கள். பணம் முழுவதும் முன்பே கட்டியாகிவிட்டது. அறுபத்தெட்டு வயது சித்தியை என் தம்பியோடு ஒரே சேணத்தில் ஏற்றினோம். ஒட்டகம் எழுந்தபோது சித்தி முன்னால் சாய்ந்து தம்பியின் முதுகில் இடித்துக்கொண்டார். “என்னை இறக்கி விடுப்பா, நான் நடந்தே வரேன்” என்று இறங்கியவர், அந்தச் சரிவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறிய காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சவாரி மொத்தமும் அரை மணி நேரம்கூட இல்லை. குன்றின் உச்சியில் இறக்கிவிட்டு, அடுத்த கூட்டத்தை ஏற்ற அந்த ஒட்டகங்கள் கீழே போய்விட்டன. இதில் ஒட்டகக்காரப் பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாலைக்குள் எத்தனை சுற்று முடிகிறதோ அத்தனை சுற்றுக்குத்தான் அவர்களுக்குக் கூலி.

அடுத்த முறை கூரிக்குப் போனோம்.

கூரி ஜெய்சல்மேரிலிருந்து தென்மேற்கில் இருக்கிறது. தூரம் ஏறக்குறைய சம் அளவுதான், ஆனால் சாலையில் வண்டிகள் குறைவு. சம்மில் மணலை ஒட்டி முகாம்கள் மட்டும் இருக்கின்றன. கூரி ஒரு கிராமம். மண்சுவர் வீடுகள், சாணம் மெழுகிய முற்றம், ஆடு ஓட்டிக்கொண்டு திரும்பும் சிறுவர்கள். ஊர் முடிகிற இடத்தில் மணற்குன்று தொடங்குகிறது. குன்றுகள் சம் அளவுக்கு விரிந்து பரந்தவை இல்லை. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் புதரும் வயலும் தெரியும். படத்துக்கு சம்தான் அழகு. இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஆனால் ஒரு கூட்டத்துக்குக் கூரி தருவதை சம் தருவதில்லை. கூரியில் தங்குமிடங்கள் சிறியவை. எட்டுக் குடிசை, பத்துக் கூடாரம் என்று இருக்கும். பதினாறு பேர் போனால் கிட்டத்தட்ட முழு முகாமும் நமக்கே. அப்போது பாட்டு வேண்டுமா வேண்டாமா, எத்தனை மணிக்குச் சாப்பாடு, நெருப்பு எங்கே மூட்டுவது எல்லாமே நம் கையில். சம்மில் அறுபது கூடாரம் உள்ள முகாமில் பதினாறு பேர் என்றால் நாம் ஒரு மூலை, அவ்வளவுதான். நாங்கள் கூரியில் இரண்டு பாடகர்களை மட்டும் வரச் சொன்னோம். மைக் கிடையாது. வில்லால் இழுத்து வாசிக்கும் கமைச்சாவின் நரம்பொலியும் ஒரு வயதானவரின் குரலும். பெரியப்பா கடைசி வரை கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். ஒன்பது மணிக்கு அவர்கள் விடைபெற்றுப் போனதும் முகாம்காரரிடம் சொல்லி முற்றத்து விளக்குகளை அணைக்கச் சொன்னோம்.

அந்த இருட்டில் கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தோம். ஜனவரியில் ஒன்பது மணி வாக்கில் கார்த்திகை மீன்கள் அங்கே கிட்டத்தட்ட நடு உச்சியில் நிற்கும். ஆறு வயதுப் பேத்திக்குப் பெரியப்பா விரல் நீட்டி எண்ணிக் காட்டினார். “ஆறுதானே தாத்தா?” என்றாள். “உன் கண்ணுக்கு ஏழும் தெரியும், பாரு” என்றார். பக்கத்தில் கட்டியிருந்த ஒட்டகங்கள் அசைபோடும் சத்தம் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. விடியற்காலை மணலில் கால் வைத்தபோது ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை, ஈரமில்லாத காற்றும் மேகமில்லாத வானமும் ராத்திரியிலேயே பறித்துக்கொள்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது வண்டுகள் ஊர்ந்த கோடு, ஏதோ ஒரு சிறு விலங்கின் நாலு கால் தடம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. எட்டு மணிக்குக் காற்று எழுந்து அத்தனையையும் அழித்துவிட்டது. சம்மிலும் வண்டுகள் உண்டு. ஆனால் முந்தின நாள் மாலை அங்கே நூறு பேர் நடந்த மணலில் வண்டின் தடத்தைத் தேட வேண்டும்.

கூரியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் வாளியில்தான் வரும், அதுவும் கேட்டு அரைமணி கழித்து. மின்சாரம் போய் வரும். மருந்துக்கடை, மருத்துவமனை என்று எது வேண்டுமானாலும் ஜெய்சல்மேருக்குத்தான் ஓட வேண்டும். கூட்டத்தில் இதய நோயாளியோ இன்சுலின் போடுகிறவரோ இருந்தால் இரவு முழுவதும் ஒரு வண்டியும் ஓட்டுநரும் முகாமிலேயே இருக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். எங்களோடு வந்த மாமா ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்தது. வண்டி வாசலிலேயே நின்றதால் முக்கால் மணி நேரத்தில் நகரத்து மருத்துவமனைக்குப் போய்விட்டோம். வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

இடத்தைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு ஒட்டகத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பயணத்தின் பெயரே ஒட்டகச் சவாரி. ஆனால் முகாம்காரர்களிடம் கூடாரத்தைப் பற்றிக் கேட்கும் இருபது கேள்விகளில் ஒன்றுகூட ஒட்டகத்தைப் பற்றி இருக்காது. நான் இப்போது முதலில் கேட்பது, ஆளுக்கு ஒரு ஒட்டகமா, இரண்டு பேருக்கு ஒன்றா என்பது. அடுத்தது, சவாரி எத்தனை நிமிடம். ஒட்டகம் நடந்தால் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர்தான். “இரண்டு மணி நேரச் சவாரி” என்றால் எட்டுப் பத்து கிலோமீட்டர் போக வேண்டும். குன்றின் மேல் ஒரு மணி நேரம் காத்திருப்பதையும் அதில் சேர்த்துச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். மூன்றாவது, சேணத்தில் அங்கவடி இருக்கிறதா. இல்லையென்றால் கால் அந்தரத்தில் தொங்கும். அரைமணிக்குப் பிறகு தொடையின் உட்பக்கம் வலி பிடித்துக்கொள்ளும், மறுநாள் படி இறங்க முடியாது.

ஏறுவது எப்படி என்று முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும். உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் கவிழ்கிற மாதிரி போவார். அந்த நொடியில் உடம்பை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து முன்னங்கால் எழும்போது முன்னால் சாய வேண்டும். உட்காரும்போது முதலில் முன்னங்கால் மடங்கும், அப்போதும் பின்னுக்குத்தான் சாய வேண்டும். விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சமயத்தில்தான் விழுகிறார்கள். நடக்கும்போது ஒரே பக்கத்து இரண்டு காலையும் சேர்த்து எடுத்து வைக்கிற பிராணி அது. அதனால்தான் படகு மாதிரி பக்கவாட்டில் ஆடுகிறது. இடுப்பை இறுக்கிப் பிடிக்காமல் அந்த ஆட்டத்தோடு விட்டுவிட்டால் வலிக்காது. முதுகுத்தண்டில் வட்டு விலகியவர்கள், கர்ப்பிணிகள், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஏறவே வேண்டாம். அவர்களுக்கு ஒட்டக வண்டி இருக்கிறது. பழைய விமானச் சக்கரம் பூட்டிய மரவண்டி, மேலே மெத்தை விரித்திருப்பார்கள். எட்டுப் பேர் காலை நீட்டி உட்காரலாம். சித்தியை இரண்டாம் பயணத்தில் அதில்தான் கூட்டிப்போனோம். ஊர்க்கதை எல்லாம் அந்த வண்டியில்தான் நடந்தது. ஒட்டகத்தில் ஏறிய பிள்ளைகள் பாதியில் இறங்கி வண்டிக்கே வந்துவிட்டார்கள்.

இன்னொன்றை முகாம்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். சுற்றுலாக் காலமும் ஆண் ஒட்டகங்களின் இணைசேரும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. குளிர்காலத்தில் மதம் பிடித்த ஆண் ஒட்டகம் வாயில் நுரை தள்ளும். தொண்டையிலிருந்து கொப்பளிக்கிற மாதிரி சத்தம் வரும். வாயின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் பலூன் மாதிரி ஒன்று தொங்கும். அது அதன் மென்னண்ணம், காற்று நிரம்பி வெளியே வருவது. தலையின் பின்பக்கம் கறுப்பாக ஒழுகியிருக்கும். இப்படி ஒன்றைக் கண்டால் ஏறாதீர்கள், குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். வேறு ஒட்டகம் கேளுங்கள். மூக்கையும் பாருங்கள். மூக்கில் குத்திய முளையில்தான் கயிறு கட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் புண்ணோ சீழோ இருந்தால், திமிலுக்குப் பக்கத்தில் சேணம் உரசி ரோமம் போய்ச் சதை தெரிந்தால், அந்த ஒட்டகத்தில் நான் யாரையும் ஏற்ற மாட்டேன். “வேண்டாம், இதற்கு ஓய்வு கொடுங்கள், காசைக் குறைக்க வேண்டாம்” என்று சொன்னால் ஒட்டகக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. அவருக்கும் அது தெரிந்த விஷயம்தான்.

ஒட்டகத்தின் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-இல் அது 2.5 லட்சம். பெரும்பகுதி ராஜஸ்தானில்தான். டிராக்டரும் லாரியும் வந்த பிறகு சுமைக்கும் உழவுக்கும் ஒட்டகம் தேவைப்படவில்லை, மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. 2014-இல் ராஜஸ்தான் அரசு அதை மாநில விலங்காக அறிவித்தது. 2015-இல் வெட்டுவதையும் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதையும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு வாங்க ஆள் இல்லை, விலை விழுந்துவிட்டது என்று வளர்க்கும் ரைக்கா சமூகத்தினர் வருந்துகிறார்கள். சவாரிதான் இன்று பல வீடுகளில் ஒட்டகத்தைக் கட்டி வைத்திருக்கக் காரணம். அதனால் சவாரியே பாவம் என்று விலகிப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஒட்டகத்துக்கு ஒரு ஆள், போதுமான நேரம், நியாயமான கூலி என்று கேட்டு வாங்குவோம். ஒட்டகக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை முகாமின் கல்லாவில் போடாமல் அவர் கையிலேயே கொடுங்கள்.

ஓசியானைப் பற்றிச் சுருக்கமாக. ஜோத்பூருக்கு வடக்கே 65 கிலோமீட்டர். இதன் பெரிய பலம் நேரம் மிச்சம். ஜெய்சல்மேருக்கு ரயில் போகிறது, குளிர்காலத்தில் விமானமும் போகிறது. ஆனால் பெரிய கூட்டத்துக்கு ஒரே நாளில் சீட்டு கிடைப்பது கஷ்டம் என்பதால் பலர் ஜோத்பூரில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஜெய்சல்மேர் 280 கிலோமீட்டர், சாலையில் ஐந்து மணி நேரம். போக ஐந்து, வர ஐந்து. மொத்தமே இரண்டு நாள் வைத்துக்கொண்டு ஜெய்சல்மேர் வரை ஓடுவது வீண் அலைச்சல். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஓசியான் போதும். மணல்மேடு சிறியது, புதர் நிறைய. ஆனால் எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய கோயில்கள் இருக்கின்றன. சச்சியா மாதா கோயிலின் படிக்கட்டு வளைவுகளைப் பார்த்துவிட்டு மாலையில் ஒட்டகம் ஏறலாம். கோயில் பிடித்த பெரியவர்கள் மணலைவிட இதைத்தான் ஊருக்கு வந்து பேசினார்கள்.

பிகானேர் பக்கமும் முகாம்கள் உண்டு. தங்குவதற்காக அங்கே போகச் சொல்ல மாட்டேன். வழியில் அந்த ஊரைத் தொட்டால், 1984-இல் தொடங்கிய தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குட்டி ஒட்டகங்களைப் பக்கத்தில் பார்க்கலாம், ஒட்டகப் பாலில் செய்த ஐஸ்கிரீம் கிடைக்கும்.

கட்ச் முற்றிலும் வேறு கதை. குஜராத்தின் தோர்டோவில் மணல் கிடையாது, உப்புதான். மழைக்காலத்தில் கடல்நீரும் மழைநீரும் ஏறி நிற்கும் தாழ்ந்த நிலம், வெயிலில் வற்றி வற்றி வெள்ளை வெளேரென்று உப்புப் பாளமாகிறது. நவம்பர் தாண்டினால்தான் கால் வைக்கலாம். அதற்கு முன்னால் போனால் சேறு. குளிர்காலத்தில் ரண் உற்சவம் நடக்கும்போது அங்கே பெரிய கூடார நகரமே எழும்புகிறது. ஒழுங்கு, சுத்தம், சாப்பாடு எல்லாம் கச்சிதம். எல்லை அருகில் என்பதால் நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். மதுவிலக்கு உள்ள மாநிலம் என்பதையும் நண்பர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒட்டகம் அங்கே பெரும்பாலும் வண்டி இழுக்கத்தான். நடக்கவே சிரமப்படும் முதியவர்கள் கூட்டத்தில் மூன்று நான்கு பேர் இருந்தால் எனக்கு முதலில் தோன்றுவது கட்ச்தான். தரை சமம், ஏற்றமே கிடையாது. ஒட்டகச் சவாரிக்காகவே கிளம்புகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

கூடாரமே இல்லாமல், ஒட்டகத்தில் போர்வையும் அரிசியும் கட்டிக்கொண்டு ஆளில்லாத குன்றில் போய்ப் படுத்துவிட்டு வருகிற இரண்டு நாள் சவாரியும் ஜெய்சல்மேரில் ஏற்பாடு செய்வார்கள். ஐந்தாறு பேருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்பேன். கழிப்பறை கிடையாது, ராத்திரி குளிர் எலும்புக்குள் இறங்கும், காலையில் போர்வையெல்லாம் பரூட் என்ற புல்லின் முள்மணி ஒட்டியிருக்கும். பத்துப் பேருக்கு மேல் போனால் ஒட்டகமும் சமையலும் சமாளிக்க முடியாது.

எந்த மாதம் என்றால், நவம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முடியும் வரை. ஏப்ரல், மே பக்கமே போகாதீர்கள். 2016 மே 19 அன்று ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே இருக்கும் பலோடியில் 51 டிகிரி பதிவானது. ஜனவரியில் பகல் இதமாக இருந்தாலும் இரவு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். பெரியவர்களுக்குக் குல்லாயும் சாக்ஸும் கட்டாயம். கூரி என்றால் அமாவாசையை ஒட்டித் தேதி போடுங்கள், நட்சத்திரத்துக்காக. கட்ச் என்றால் பௌர்ணமிதான், உப்பின் மேல் நிலா விழுவதைப் பார்க்கத்தான் அங்கே போவதே. டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை எங்கேயும் வேண்டாம். அதே கூடாரத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள், சத்தமும் அதே அளவுக்குக் கூடும். மற்ற நாட்களில் சம்மில் சாப்பாடு, சவாரி, கச்சேரி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2,000 ரூபாயை ஒட்டியும் கிடைக்கும், 5,000 தாண்டியும் போகும். விலையைவிட, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல் பாதியைக் காலையில் கிளம்பும்போது தருவதாகப் பேசிக்கொள்வதுதான் முக்கியம். பன்னிரண்டு ஒட்டகம் என்று பேசியது பன்னிரண்டாகவே வந்து நிற்க இது ஒன்றுதான் வழி. பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரிச் சத்தத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது தூக்கத்துக்காக மட்டும் இல்லை. சம், கூரி இரண்டுமே பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டியவை. கானமயில் என்று நாம் சொல்லும் பெரிய பறவை, ஒரு காலத்தில் இந்தியாவின் பல மாநிலங்களில் திரிந்தது, இன்று உலகத்திலேயே 150-ஐ ஒட்டித்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் பெரும்பாலானவை இந்த வட்டாரத்தில்தான். சம்மில் 2019 முதல் அதற்கு ஒரு இனப்பெருக்க மையமே நடக்கிறது. முட்டை இடுவது திறந்த தரையில். மணலைத் தாண்டிப் புல்வெளிக்குள் ஜீப்பை விடுகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

அந்தப் பதினாறு பேர் கூட்டத்துக்கு நான் சொன்னது இது. கூரியில் இரண்டு இரவு, முகாம் முழுவதும் உங்களுக்கே. முதல் நாள் மாலை யாரும் ஒட்டகத்தில் ஏற வேண்டாம்; குன்றில் உட்கார்ந்து சூரியன் மறைவதை மட்டும் பாருங்கள். இரண்டாம் நாள் காலை ஏழரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், பத்து ஒட்டகமும் ஒரு வண்டியும். வண்டியில் பாட்டியும், அவரோடு யார் யார் உட்கார ஆசைப்படுகிறார்களோ அவர்களும். சம் மணலைப் பார்க்காமல் வர மனமில்லை என்று பிள்ளைகள் சொன்னால், திரும்பும் நாள் காலையில் வண்டியை அந்தப் பக்கம் விட்டு ஒரு மணி நேரம் உருண்டு விளையாட விடுங்கள். காலையில் சம்மில் ஆளே இருக்காது. கடைக்காரர்கள் டீ அடுப்பைக்கூட மூட்டியிருக்க மாட்டார்கள்.